தொண்ணூற்று மூன்றாவது வரி

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. எழுதியதில் பாதியை அடித்துப் போட்டதும் அவள்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னால் தெரியவந்து நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அவள் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனம் மாதாமாதம் நான்கு பக்கத்தில் ஒரு செய்திமடல் போடும். யாருக்குப் பதவி உயர்வு, எந்த லிஃப்ட் பழுது, யார் ஓய்வு பெறுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். போன மாத மடலின் மூன்றாம் பக்கத்தில் அக்காவைப் பற்றி ஆறு வரி வந்திருந்தது. உடம்புக்குள் வைக்கும் உலோகத்தின் மேல் உயிரணுச் சவ்வு போன்ற படலம் 'தற்செயலாக' உருவானதை அவர் கண்டறிந்தார் என்று போட்டிருந்தார்கள்.

அக்கா அந்தத் தாளை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். (ஒரே கட்டடம்தான். அவள் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி.) மூச்சு வாங்கிக்கொண்டு மேசையில் தாளைப் போட்டாள்.

"நீ கதை எழுதுறவன்தானே? இதை ஒழுங்கா எழுது. தற்செயல்ங்கிற வார்த்தை எங்கயும் வரக்கூடாது."

இருபது வருடமாக நான் எழுதிய எதையும் அவள் படித்ததில்லை. அவள் கணவர், எங்கள் மாமாதான் படித்துவிட்டு, 'நல்லா இருக்கு, ஆனா என்ன நடந்துச்சுன்னு புரியல' என்று ஒரே விமர்சனத்தை எல்லாக் கதைக்கும் சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டு வருகிறாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

2

நீங்கள் இப்போது படித்தது நான்காவது தொடக்கம். முதலாவது இப்படி இருந்தது:

'மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், கீழ்த்தளத்து ஆய்வறையில் தன்னந்தனியாக அமர்ந்திருந்த அவளுடைய கண்களில்—'

(அக்கா பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு ஓரத்தில் எழுதியிருந்தாள்: 'மழை இல்லை. மாலை இல்லை. பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணுக்கு என்ன?')

இரண்டாவது, நான் ரொம்பவும் ஆசைப்பட்டு எழுதியது:

'ஒன்றரை வருடத்துக்கு முன்னால் தம்பியின் இதயக் குழாயில் வைத்த உலோக வலைக்குள் ரத்தம் உறைந்தது. அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா, அந்தக் கணமே மனத்துக்குள் ஒரு—'

அதில் இருக்கும் விவரமெல்லாம் உண்மை. எனக்கு வலை வைத்தார்கள். மூன்றாவது வாரம் அதற்குள் ரத்தம் கட்டிப் பேருந்து நிறுத்தத்தில் விழுந்தேன். மறுபடி திறந்து சரிசெய்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. முகம் மழிக்கும்போது கீறினால் ஒரு கைக்குட்டை முழுக்க நனைந்துவிடும். அக்கா படுக்கைக்குப் பக்கத்தில் நின்றதும் உண்மை.

அவள் அதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீ விழுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நான் இதை ஆரம்பிச்சாச்சு," என்றாள். "நீ எதுக்குடா இதுக்குள்ள வர்றே?"

[எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் போட்ட முதல் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். தேதி அவள் சொன்னதுதான். ஒரு விஷயம் பிடித்துப்போய் ஒருத்தி அதைச் செய்கிறாள் என்றால் கதை எழுதுகிறவர்களுக்கு நம்ப முடிவதில்லை. விஞ்ஞானி என்றால் வீட்டில் ஒரு நோயாளி கட்டாயம் வேண்டும் நமக்கு. அந்த வேடத்துக்கு என்னை நானே தேர்ந்தெடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.]

மூன்றாவது தொடக்கத்தில் மாமா வருகிறார். அதற்கு முன்னால் உங்களுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிய வேண்டும்.

3

உடம்புக்குள் எந்த உலோகத்தை வைத்தாலும், வலையோ வால்வோ, ரத்தம் அதைக் கண்ட மாத்திரத்தில் வேற்றாள் என்று தெரிந்துகொள்ளும். ஓடிவந்து ஒட்டும். ஒட்டினது இன்னும் நாலு பேரைக் கூப்பிடும். கடைசியில் கட்டியாகிவிடும். ஆனால் தன் கூட ஓடுகிற அணுக்களை அது அப்படி மறிப்பதில்லை. காரணம், ஒவ்வொரு அணுவும் போர்த்தியிருக்கும் தோல். ஒரு வகைக் கொழுப்பு, ஆய்வறையில் லிப்பிட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் பிடித்த ஒரு தலை, தண்ணீர் பிடிக்காத இரண்டு வால். தண்ணீருக்குள் விட்டால் வாலோடு வால் சேர்த்துத் தலைகளை வெளியே காட்டி இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும். தலைமுடியை நெடுக்கில் பத்தாயிரம் கீற்றாக வகிர்ந்தால், அதில் ஒரு கீற்றைவிட மெல்லிசு.

அந்தத் தோலை உலோகத்துக்குப் போர்த்திவிட்டால், ரத்தம் தொட்டுப் பார்த்துவிட்டு 'நம்ம ஆள்தான்' என்று போய்விடும். இதுதான் யோசனை.

[யோசனை அவளுடையது இல்லை என்பதை அவளே எழுதச் சொன்னாள்: 'பல பேர் பல இடத்துல செய்றாங்க. கண்ணாடி மேல வந்திருக்கு, மினுக்கின தகடு மேல வந்திருக்கு. ஆஸ்பத்திரியில நிஜமா வைக்கிற மாதிரி மினுக்காத, வளைஞ்ச டைட்டானியம் மேல ஓட்டையில்லாம கொண்டுவர்றது மட்டும்தான் என் பாடு.']

வழக்கமான வழி, லிப்பிட்டைக் குட்டிக் குமிழிகளாக்கித் தண்ணீரில் விடுவது. கண்ணாடி மேல் உட்கார்ந்த குமிழி வெடித்து, விரிந்து, பாயாகிவிடும். டைட்டானியத்தின் மேல் வெடிக்கவே வெடிக்காது. விருந்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

பாய் விரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? டைட்டானியம் பூசிய ஒரு படிகம், வினாடிக்கு ஐம்பது லட்சம் தடவை துடிப்பது, ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மேலே எது ஒட்டினாலும் துடிப்பு குறையும். ஓட்டையில்லாத இரட்டை அடுக்கு விரிந்தால் இருபத்தாறு குறையும். அதற்கு மேல் போனால் வெடிக்காத குமிழி. கீழே நின்றால் ஓட்டை.

இந்த ஓர் எண் அந்த வீட்டையே ஆட்டிவைத்தது. அக்கா கதவைத் திறக்கும்போதே மாமா சமையலறையிலிருந்து கேட்பார்: "இருபத்தாறு வந்துச்சா?" அவள் கைப்பையை மாட்டுகிற சத்தத்திலிருந்தே பதில் தெரிந்துவிடும் என்பார்.

4

மூன்று வருடம் வரவில்லை.

(இந்த ஒரு வாக்கியத்தை நான்கு பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தேன். அக்கா அதை அடிக்கவில்லை. நானே அடித்தேன். தோல்வியை எழுதும்போது எனக்கு நடை ரொம்ப அழகாக வந்துவிடுகிறது, அதில் எனக்கே சந்தேகம்.)

சுருக்கமாக: தண்ணீரின் உப்பை மாற்றினாள், புளிப்பை மாற்றினாள், சூட்டை மாற்றினாள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை ஒரே மாதிரி செய்து, சராசரியை நோட்டில் ஒரு வரியாக எழுதினாள். ஐம்பத்தெட்டு வரி ஆனது. எல்லாம் தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து. கீழ்த்தளத்தில் அவளுக்குக் 'குமிழி மேடம்' என்று பேர் விழுந்தது. நிதி ஒதுக்கும் குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஒருவர், ஆண்டுக் கூட்டத்தில் அவளுடைய படங்களைப் பார்த்துவிட்டு, சோப்பு நுரைக்கு இவ்வளவு பெரிய கருவி எதற்கு என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்திருக்கிறாள், வேறு வழியில்லாமல்.

பிறகு ஒருநாள் துறைத்தலைவர் அளவு நாடாவோடு அவள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர்தான், அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே பேசினார். மூன்று வாரத்தில் குழு கூடுகிறது. அன்றைக்குக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் இந்த அறை பேட்டரி செய்கிறவர்களுக்குப் போய்விடும் என்றார். நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவளிடமே கொடுத்தார். அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை அடி?" என்று மாமா கேட்டபோது, "பதினெட்டுக்குப் பன்னெண்டு," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

5

மூன்றாவது தொடக்கத்தில் இங்கேதான் நான் மாமாவைக் கொண்டுவந்தேன்.

மாமா வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக இரும்பின் மேல் படலம் போர்த்துகிறவர். கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? மறுநாள் காலை அக்கா பட்டறைக்குப் போகிறாள். மாமா ஒரு கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே, 'அவசரப்பட்டா ஒழுகிடும், மெதுவா அடிக்கணும்' என்கிறார். அக்கா அப்படியே நின்று—

இந்த இடத்தை எழுதிவிட்டு நானே எழுந்து அறைக்குள் நடந்தேன், அவ்வளவு திருப்தி.

முதலில் மறுத்தது மாமா. "நான் அப்படிச் சொல்லவே இல்லையேப்பா," என்றார். "சொல்லியிருந்தாலும் உங்க அக்கா எப்ப என் பேச்சைக் கேட்டா?"

அக்கா தாளை மேசையில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது.

"மடல்காரங்க தற்செயலுக்குக் கொடுத்தாங்க. நீ உன் மாமாவுக்குக் கொடுக்கறே. முந்தின தடவை உன் நெஞ்சுவலிக்குக் கொடுத்தே. நான் கண்டுபிடிச்சேன்னு எழுத உனக்கு ஏன்டா கை வர மாட்டேங்குது?"

வாசகரே, உங்களிடம் சொல்கிறேன்: அவள் கண்டுபிடித்த விதம் ஓர் அட்டவணை. கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிய எண்கள். அதைக் கதையாக்க எனக்குத் தெரியவில்லை, பயமாக இருந்தது. அதனால்தான் மழையையும் நோயையும் பட்டறையையும் தேடிப் போனேன். அவள் கேட்டது சரியான கேள்வி.

6

ஆகவே, அட்டவணை.

ஐம்பத்தொன்பதாம் வரியில் அக்கா குமிழியை விட்டுவிட்டாள். லிப்பிட்டை ஆல்கஹாலில் கரைத்து உலோகத்தின் மேல் நிரப்பினாள். பிறகு ஒரு சின்ன பம்பு வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டாள். ஆல்கஹால் குறையக் குறைய லிப்பிட்டுகளுக்கு நிற்க இடம் இல்லாமல் போகும். தண்ணீருக்குப் பயந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் உலோகத்தின் மேலேயே வரிசை கட்டும். கட்ட வேண்டும். இந்த வழியை வேறு பரப்புகளில் வேறு சிலர் செய்திருந்தார்கள். அவள் உலோகத்தில் நூற்று நாற்பது வந்தது. குமிழியைவிட மோசம்.

கூட இருந்தவர்கள் லிப்பிட்டை மாற்றச் சொன்னார்கள். இருபத்து மூன்று வரி மாற்றினாள்.

அறையை அளந்துவிட்டுப் போன மறுநாள் காலை அவள் எந்தக் கருவியையும் தொடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழ்த்தளத்து ஜன்னல் அது, நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முதல் வரியிலிருந்து படித்தாள். எண்பத்திரண்டாம் வரிவரை வந்திருந்தது அப்போது. ஒவ்வொரு வரியிலும் தான் வேண்டுமென்று மாற்றியது அவளுக்கு நினைவிருந்தது. கணக்கில் எடுக்காதது ஒன்று ஓரக் கட்டத்தில் இருந்தது: பம்பின் வேகம். கருவியோடு வந்த கையேட்டில் போட்டிருந்த வேகத்திலேயேதான் எல்லோரும் ஓட்டுவார்கள். சில நாள் பம்பு சூடாகிவிட்டால் கொஞ்சம் குறைத்து ஓட்டியிருக்கிறாள். குறைத்த நாட்களை மட்டும் தனித்தாளில் எழுதிப் பார்த்தாள். நான்கு நாட்கள். அந்த நான்கிலும் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாளாம்.

எண்பத்து மூன்றிலிருந்து வேகத்தை மட்டும் குறைத்தாள். அறுபத்தொன்று. ஐம்பத்து நான்கு. நாற்பத்தெட்டு. முப்பத்தொன்பது. தொண்ணூற்றிரண்டாம் வரியில் முப்பத்து மூன்று வந்தபோது பம்பின் குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை. அதைவிட மெதுவாக ஓட அதனால் முடியாது. துறைத்தலைவர் வேறு பம்பு வாங்க இரண்டு மாதம் ஆகும் என்றார். அக்கா பம்பை விட்டுவிட்டுக் குழாயைக் கழற்றினாள். பாதி விட்டமுள்ள மெல்லிய குழாயைப் பொருத்தினாள். அதே சுழற்சியில் கால் பங்கு தண்ணீர்தான் போகும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தாள். தண்ணீர் போவது கண்ணுக்கே தெரியவில்லையாம். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் தேநீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி குடித்துவிட்டு வந்தார்கள். பதினொன்று பத்துக்குத் திரையில் துடிப்பைக் காட்டும் கோடு இறங்குவதை நிறுத்திப் படுத்தது.

இருபத்தாறு புள்ளி ஒன்று.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. படிகத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள். இருபத்தைந்து புள்ளி எட்டு. ஐந்து தடவை ஓட்டி முடிக்கப் புதன் மதியம் ஆகிவிட்டது. சராசரியைப் போட்டு வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் மாமாவுக்குப் போன் செய்தாள்.

"வந்துச்சு," என்றாள்.

மாமா அன்றைக்குப் பட்டறையை மத்தியானமே மூடிவிட்டார். அடிக்க வைத்திருந்த கதவுக்கு மறந்துபோய் இரண்டு தரம் பெயின்ட் அடித்துவிட்டதாகவும், அது ஒழுகிவிட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

7

படிகத்தில் வந்தது நிஜ உலோகத்தில் வருமா? நுண்ணோக்கியை இயக்கும் பெண்ணிடம் ஒரு வலைத் துண்டைக் கொடுத்தாள். லிப்பிட்டோடு பச்சையாக ஒளிரும் சாயம் கலந்திருந்தது. லேசர் ஒளியால் ஒரு வட்டத்தைச் சுட்டால் அங்கே மட்டும் சாயம் செத்துக் கறுப்பாகிவிடும். படலம் உண்மையிலேயே சவ்வு மாதிரி இருந்தால், சுற்றியுள்ள லிப்பிட்டுகள் நகர்ந்து வந்து அந்தக் கறுப்பை நிரப்ப வேண்டும். வெறும் பூச்சாக இருந்தால் கறுப்பு அப்படியே கிடக்கும்.

அந்தப் பெண் அதிகம் பேசாதவள். சுட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், நாற்பது வினாடி கழித்து, "மேடம், மூடுது," என்றாள்.

அடுத்து ரத்தம். என்னுடையதைத் தருகிறேன் என்று கையை நீட்டினேன்.

"உன்னோடது ஆகாது. நீ மாத்திரை சாப்பிடறே. ஒட்டாதது உன் மாத்திரையாலயா என் படலத்தாலயான்னு கேப்பாங்க," என்றாள்.

[இரண்டாவது முறையாகக் கதையிலிருந்து வெளியேற்றப்பட்டேன்.]

ரத்த வங்கியிலிருந்து முறைப்படி வாங்கிய ரத்தத்தில் இரண்டு துண்டுகளை ஒரு மணி நேரம் வைத்தார்கள். போர்த்தாத துண்டின் மேல் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்ண முடியாதபடி அப்பியிருந்தன. போர்த்திய துண்டில் ஏழு. அக்கா மூன்று தடவை எண்ணினாள்.

8

குழு கூடிய அன்று நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதையும் நுண்ணோக்கிப் பெண் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். ஓர் இடத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போகவில்லை, அதைச் சொல்கிறேன்.

ஐந்து பேர் வந்தார்கள். சோப்பு நுரை என்று சொன்ன அறுவை மருத்துவரும் வந்தார். அக்கா பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் எழுந்து வந்து, நான் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். நுண்ணோக்கிப் பெண் நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். ஒரு வட்டம் சுட்டார். மூடியது. வேறு மூலையில் போய் இன்னொன்று சுட்டார். மூடியது. மற்றவர்களும் எழுந்து அவர் பின்னால் வந்து நின்றார்கள். மூன்றாவது தடவை வட்டம் போடாமல், மௌஸைப் பிடித்துத் தன் பெயரின் முதல் எழுத்தை வரைந்து சுட்டார். பச்சைப் பரப்பில் கறுப்பாக எழுத்து நின்றது. முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு சுழி நிரம்பியது. ஒரு நிமிடத்தில் அங்கே எதுவும் எழுதப்பட்ட சுவடே இல்லை.

"நுரை இப்படிச் செய்யாது," என்றார் அவர். திரும்பி அக்காவைப் பார்த்து, "நான் தப்பாச் சொல்லிட்டேம்மா," என்றார், எல்லோர் முன்னாலும்.

அக்கா அழுதாள் என்கிறாள் நுண்ணோக்கிப் பெண். இருமினேன் என்கிறாள் அக்கா.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் படலம் தண்ணீருக்குள் இருக்கும்வரை சரி. நான் கையில் எடுத்து உடம்புக்குள் வைக்கும்போது காற்றுப் படுமே, என்ன ஆகும்?

"கிழிஞ்சு போயிடும்," என்றாள் அக்கா. "அதுக்கு இன்னும் வழி தெரியல."

துறைத்தலைவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார். மருத்துவர் மற்ற நான்கு பேரிடமும் திரும்பி, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லி முதல் ஆளாகப் போட்டார். மூன்று வருடம் நீட்டித்தார்கள். பேட்டரிக்காரர்களுக்கு மேல்மாடியில் அறை கிடைத்தது. அங்கே வெளிச்சமும் அதிகம் என்பதால் அவர்களுக்கும் சந்தோஷம்.

9

முடிவு.

(அ) பத்து வருடம் கழித்து, ஒரு மருத்துவமனையில், யாரோ ஒருவருடைய இதயக் குழாய்க்குள் சவ்வு போர்த்திய வலை போகிறது. ரத்தம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போ—

(அக்கா: 'இன்னும் நடக்கலை.')

(ஆ) படலம் காற்றைத் தாங்கவே இல்லை. ஆறாவது நோட்டின் கடைசி வரியில்—

(அக்கா: 'இதுவும் நடக்கலை.')

சரி, நடந்ததை மட்டும் சொல்கிறேன். போன வாரம் அந்த மருத்துவர் அக்காவை ஓர் அறுவைச் சிகிச்சைக்கு அழைத்திருந்தார். நோயாளியிடம் கேட்டு, அனுமதி வாங்கி, பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி ஒரு மூலையில் நிற்கவைத்தார்கள். அவள் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச். உள்ளே வைக்கும் டைட்டானியச் சாதனம் உறையிலிருந்து வெளியே வந்த நொடியில் அழுத்தினாள். உடம்புக்குள் போய் ரத்தம் நனைத்த நொடியில் நிறுத்தினாள். இப்படி மூன்று சிகிச்சைகள் பார்த்தாள்.

சாயங்காலம் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு இரண்டு படியாக ஏறி வந்திருந்தாள். நாற்பத்தேழு வயது அவளுக்கு.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்," என்றாள். "மூணுலயும் பெரிசு அதுதான். நான் என்னமோ மணிக்கணக்கா காத்துல இருக்கும்னு பயந்துட்டிருந்தேன். வெறும் நாலு நிமிஷம் பத்து செகண்ட்தான்டா."

இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று கேட்டேன்.

"சர்க்கரைத் தண்ணி கலந்து பார்த்தேன். பதினொரு செகண்ட் நிக்குது." சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோப்பையை வென்றவள் மாதிரி இருந்தாள். "போன மாசம் ஒரு செகண்ட் கூட நிக்கலை, தெரியுமா?"

பதினொரு வினாடிக்கும் நான்கு நிமிடம் பத்து வினாடிக்கும் நடுவில் இருக்கிறது இந்தக் கதையின் முடிவு. அங்கே போய் எதையாவது எழுதிவைக்க எனக்கு உரிமை இல்லை. உங்களுக்குத் துணிச்சல் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு விஷயம்: எழுதுவதாக இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள். இன்று காலை கீழே இறங்கும்போது படியில் நின்று, பத்தொன்பது என்று சொல்லிவிட்டுப் போனாள்.